கிணற்றடி செல்போனுக்கும் வாடகையா?

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் உலக மரியாதை கிடைத்தது. மராட்டியர் ஆட்சியோடு சம்பந்தப்பட்ட 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. கோட்டை பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். கல்யாண மஹாலுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் கொண்டுவந்த வித்தையை வழிகாட்டிகள் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். வியக்க வேண்டிய விஷயந்தான்.

ஆனால் மலையடிவாரத்துக் கழனிகளில் இருக்கும் மோட்டார் கொட்டகைகளை எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள்? செஞ்சி வட்டாரத்திலும் சரி, தமிழ்நாட்டின் மற்ற கிணற்றுப் பாசன வட்டாரங்களிலும் சரி, பல கொட்டகைகளில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய பெட்டி தொங்குகிறது. சில இடங்களில் அது கடையில் வாங்கிய கருவி. சில இடங்களில் அதற்குள்ளே ஒரு பழைய, மலிவான பட்டன் செல்போன் இருக்கிறது. அந்த செல்போன் யாரோடும் பேசுவதில்லை. விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதன் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். கொட்டகையில் மணி அடிக்கிறது, மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் ஏற்றும் வித்தை செஞ்சிச் சீமையில் அழிந்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

பேசுவதற்காகச் செய்த சாதனத்தை மோட்டார் போடும் கையாக மாற்றியவர்கள் உழைப்பாளி மக்கள். கிராமத்து எலக்ட்ரீஷியனும், கடைத்தெரு ரிப்பேர்க்காரரும், விவசாயியும் சேர்ந்து செய்த காரியம் இது. இன்று அந்தச் சாதனத்தின் மேல் டெலிபோன் கம்பெனிகள் மாத வாடகை போட்டிருக்கின்றன. நாளை அதன் உயிரையே எடுத்துவிடலாமா என்று யோசனை சொல்லப்படுகிறது. இதை விவசாயிகளும் பொதுமக்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராத்திரியில் வரும் கரண்டு

இப்படி ஒரு சாதனம் ஏன் தேவைப்பட்டது? முதலில் மண்ணைப் பாருங்கள். செஞ்சி பாறைச் சீமை. இங்கே காவிரிக் கால்வாய் கிடையாது. நெல்லானாலும், மல்லாட்டையானாலும், கரும்பானாலும் பெரும்பாலும் கிணற்றை நம்பித்தான் விளைகிறது. அந்தக் காலத்தில் ஏற்றமும் கவலையும் இறைத்தன. பிறகு பம்ப்செட் வந்தது. பாறைக் கிணற்றில் தண்ணீர் அள்ள அள்ள வந்துகொண்டிருக்காது. மோட்டார் ஓடினால் மட்டம் இறங்கிவிடும். ஊற்று சுரக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு மறுபடி போட வேண்டும். ஆகையால் ஒரு நாளில் பல தடவை மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் இங்கே அன்றாட வேலை.

அடுத்தபடி மின்சாரத்தைப் பாருங்கள். விவசாய மின்சாரம் தானாகக் கிடைத்ததல்ல. 1970லும் 1972லும் தமிழ்நாட்டில் நடந்த மின்கட்டணப் போராட்டங்களில் விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. அது ரத்தம் சிந்திப் பெற்ற சலுகை.

சலுகை வந்தது, கரண்டு எப்போது வரும் என்பதை மட்டும் விவசாயி தீர்மானிக்க முடியவில்லை. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்டை நீண்ட காலமாக முறை வைத்துத்தான் விட்டார்கள். பகலில் சில மணி நேரம், ராத்திரியில் சில மணி நேரம். ஆலைகளும் நகரங்களும் உபயோகித்த பிறகு மிஞ்சுவது கழனிக்கு. 2012ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எந்த நேரத்தில் கரண்டு வரும், எந்த நேரத்தில் போகும் என்று லைன்மேனுக்கே தெரியாத நிலைமை. 2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் த்ரீ பேஸ் என்று அன்றைய மாநில சர்க்கார் அறிவித்தது. அறிவிப்பைப் பத்திரிகையில் படித்துவிட்டு எந்த விவசாயியும் கையில் பிடித்த டார்ச் லைட்டைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

நடுநிசியில் கழனிக்குப் போவதென்றால் என்னவென்று நகரத்து வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வரப்பில் பாம்பு. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. காட்டுப்பன்றிக்கென்று யாரோ திருட்டுத்தனமாகக் கட்டிய மின்வேலி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்ததே 2024 நவம்பரில்தான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், நிலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கஷ்டத்தைச் சொல்லவே வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு வரும் கரண்டு அவளுக்கு இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

இதற்கு விவசாயிகள் முதலில் கண்ட வழி ஆட்டோ ஸ்விட்ச். கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். அதில் ஒரு சங்கடம். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். மோட்டார் கிளம்பும் போது ஓடும் போதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். வோல்டேஜ் விழும், பியூஸ் போகும், காயில் கருகும், டிரான்ஸ்பார்மரே வெடிக்கும். கிணறு வற்றினாலும் மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். தேவையில்லாத வயலில் தண்ணீர் வழியும். ஆகவே, தூரத்திலிருந்து போடவும் நிறுத்தவும் ஒரு கை வேண்டியிருந்தது.

ரிப்பேர் கடையில் பிறந்த வித்தை

அந்தக் கை மலிவு செல்போனில் கிடைத்தது. வித்தை எளிது. செல்போனுக்கு அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் அதிர்கிறது. இரண்டுக்கும் மெல்லிய மின்சாரம் போகிறது, 3 வோல்ட் அளவுக்கு. அந்தக் கம்பியைப் பிரித்து எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ரிலே ஒன்றைத் தட்டிவிட்டால், ரிலே ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்தும் வேலையைச் செய்யும். 3 வோல்ட் சிட்டுக்குருவி 415 வோல்ட் யானையை எழுப்பிவிடுகிறது!

இதிலும் ஒரு சிக்கல் வந்தது. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று விளம்பரக்காரன் கூப்பிட்டாலும் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும்! ரிப்பேர்க்காரர் அதற்கும் வழி கண்டார். செல்போனின் பொது மணியை ஊமையாக்கிவிட்டு, சொந்தக்காரர் நம்பருக்கு மட்டும் தனி மணி வைத்தார். ஊரார் கூப்பிட்டால் சத்தமில்லை; சொந்தக்காரர் கூப்பிட்டால் மணி அடிக்கும், மோட்டார் கிளம்பும். செல்போன் கம்பெனி பாட்டுக் கேட்க வைத்த வசதி பாசனக் காவலனாக மாறிவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள், போன் தானாக எடுக்கும்படி செய்து, பட்டன் அழுத்தும்போது எழும் ஒலியைப் பிரித்தறியும் ஒரு சில்லைச் சேர்த்தார்கள். 1 அழுத்தினால் மோட்டார் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும் என்று ஆயிற்று. சென்னை ரிச்சி தெருவில் இந்தச் சாமான்கள் எல்லாம் சில்லறை விலைக்குக் கிடைக்கும். பிற்காலத்தில் கோவையிலும் மற்ற ஊர்களிலும் கம்பெனிகள் இதையே நேர்த்தியான பெட்டியாகச் செய்து விற்க ஆரம்பித்தன. கரண்டு இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகளும் வந்தன. விலை சில ஆயிரம் ரூபாய்.

மகாராஷ்டிரத்திலும் இதே கதை. புனே எஞ்சினீயர் சந்தோஷ் ஓஸ்த்வால், கழனிக்கு நடக்க முடியாமல் தன் தாத்தா பட்ட பாட்டைப் பார்த்து, செல்போனால் பம்ப்செட்டை இயக்கும் ‘நானோ கணேஷ்’ என்ற கருவியைச் செய்தார். 2009ல் நோக்கியா கம்பெனி நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அவருக்கு நம் பாராட்டு. பரிசோ பேட்டியோ இல்லாமல், பெயர்கூட வெளியே தெரியாமல், கிராமம் கிராமமாக இதே வேலையைச் செய்து கொடுத்த ரிப்பேர்க்காரர்களுக்கும் அந்தப் பாராட்டில் பங்கு உண்டு. ஒரே தேவை பல இடங்களில் இருந்தபோது பல கைகள் ஒரே வழியைக் கண்டுபிடித்தன.

இந்த மலிவு செல்போன் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறக்கப்பட்டது. கோடிக்கணக்கான செல்போன்கள் அங்கே தயாராயின. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நின்றுகொண்டே வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தி நின்றது. இளம் வயதிலேயே அவர்கள் வேலை இழந்து வீடு திரும்பினார்கள். ஏழை வாங்கக்கூடிய விலையில் செல்போன் கிடைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருந்தது.

அபாயத்தை மறைக்கக் கூடாது

சாதனத்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாகாது. வீட்டுப் பட்டறையில் செய்த பெட்டியில் அபாயம் உண்டு. செல்போன் பக்கமும் த்ரீ பேஸ் பக்கமும் சரியாகப் பிரிக்கப்படாவிட்டால் தொட்டவர் உயிர் போகும். கூரை ஒழுகும் கொட்டகையில், எர்த் இல்லாத இரும்புப் பெட்டியில் இதைப் பொருத்துவது எமனுக்கு அழைப்பு விடுவதாகும்.

அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று. புட்வால்வ் அடைத்துக்கொண்டது என்று ஒருவர் கிணற்றில் இறங்கியிருப்பார். வீட்டிலிருக்கும் இன்னொருவர் அது தெரியாமல் மிஸ்டு கால் கொடுத்துவிடுவார். ஆகவே கிணற்றில் இறங்குகிறவர் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இது கட்டளையாகவே இருக்கட்டும்.

இந்தப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுப்பது யார் வேலை? மின்வாரியத்துக்கும் விவசாய இலாகாவுக்கும் அதில் பொறுப்பு இல்லையா? ஐ.டி.ஐ. படித்த பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பத்திரமான ஒரு மாதிரி வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுத்தால் என்ன? ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றி ஆராய மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்காக ஒரு இணையதளமும் திறந்தது. நல்லது. கம்பெனிச் சாமானைப் பிரித்துப் பார்க்கவும், மாற்றி அமைக்கவும், சர்க்யூட் விவரத்தைக் கேட்டு வாங்கவும் சாதாரண மனிதனுக்குச் சட்டப்படி உரிமை வந்தால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

மணி அடிக்க 2,587 ரூபாய்

இப்போது வாடகைக்கு வருவோம். 1995ல் செல்போன் இந்தியாவுக்கு வந்தபோது, வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003 மே மாதம் முதல் அது மாறியது. கூப்பிடுகிறவர் காசு கொடுத்தால் போதும். வருகிற அழைப்பு இலவசம். இந்த ஏற்பாட்டில்தான் மிஸ்டு கால் பிறந்தது. கிணற்றடி செல்போன் அதை நம்பித்தான் வந்தது. அது வெளியே ஒரு அழைப்பும் செய்வதில்லை. மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆரம்பத்தில் ஒரு தடவை சிம் வாங்கிப் போட்டால், அவ்வப்போது சில்லறை ரீசார்ஜோடு ஆண்டுக்கணக்கில் ஓடியது.

2018 கடைசியில் ஏர்டெல், வோடபோன்-ஐடியா கம்பெனிகள் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் கட்டாவிட்டால், வருகிற அழைப்பும் நின்றுபோகும் என்றன. அந்த 35 ரூபாய் படிப்படியாக ஏறியது. 2024 ஜூலைக் கட்டண உயர்வில் 28 நாள் கட்டணம் 199 ரூபாய் ஆயிற்று. ஆறு ஆண்டுக்குள் ஐந்தரை மடங்குக்கு மேல்! மல்லாட்டை விலை அப்படி ஏறியதா? விவசாயக் கூலி அப்படி ஏறியதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 நாளுக்கு ஒரு தடவை என்றால் ஆண்டுக்கு 13 தடவை. 13 தடவைக்கு 2,587 ரூபாய். எதற்கு? ஒரு மணி அடிப்பதற்கு! இந்தக் கட்டணத்துக்கு அளவில்லாத பேச்சு உண்டு, இண்டர்நெட் உண்டு என்று கம்பெனி சொல்கிறது. பேசவே தெரியாத செல்போனுக்கு அளவில்லாத பேச்சு எதற்கு? ஸ்டார்ட்டர் பெட்டி சினிமா பார்க்கப் போகிறதா?

இன்னும் ஒரு விஷயம். நாள் தவறினால் பயிர் வாடும். ரீசார்ஜ் முடிந்தது தெரியாமல் விவசாயி வீட்டிலிருந்து கூப்பிடுவார், மணி அடிக்காது, கரண்டு வந்து போயிருக்கும். மறுநாள் கழனியில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பழையபடி ராத்திரியில் டார்ச் லைட்டைத் தூக்க வேண்டியதுதான்.

துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி விவசாயி மின்சாரக் கட்டணத்தை ஒழித்தான். இப்போது அதே மோட்டாரின் ஸ்விட்சில் கம்பெனிக் கட்டணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கம்பெனிகள் சொல்லும் பதில்

கம்பெனிகளுக்கும் ஒரு பதில் உண்டு. “டவருக்குச் செலவாகிறது, டீசலுக்குச் செலவாகிறது, அலைவரிசையை ஏலத்தில் எடுத்திருக்கிறோம். மிஸ்டு காலால் எங்களுக்கு ஒரு பைசா வருமானம் இல்லை. சும்மா கிடக்கிற சிம்மை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?”

இதில் பாதி நியாயம் இருக்கிறது. டவர் சும்மா ஓடாது. உபயோகத்துக்கு ஒரு கட்டணம் வேண்டும் என்றால் அதை விவசாயி மறுக்கப் போவதில்லை. நாளைக்கு இரண்டு மூன்று தடவை, சில நொடி மணி அடிக்கிற உபயோகத்துக்கும், நாளெல்லாம் பேசிப் படம் பார்க்கிற உபயோகத்துக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் அநியாயம். ஒரு படி உப்பு கேட்டவனை மூட்டையாகத்தான் வாங்க வேண்டும் என்று நிர்ப்பந்திக்கிற வியாபாரம் இது.

எந்திரங்களுக்கென்று தனி சிம் கொடுக்க முடியாதா? முடியும், கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். எந்திரத்தோடு எந்திரம் பேசும் சிம்களுக்கு 2018லேயே 13 இலக்க நம்பர் முறை வந்துவிட்டது. மின் மீட்டரிலும் வாகனத்திலும் பொருத்துவதற்குக் கம்பெனிகளுக்கு மொத்தமாக, தனிக் கட்டணத்தில் அந்த சிம் கிடைக்கிறது. பெரிய கம்பெனியின் எந்திரத்துக்கு ஒரு நியாயம், மூன்று ஏக்கர்க்காரரின் ஸ்டார்ட்டருக்கு வேறொரு நியாயமா?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைக் கொஞ்சம் உணர்ந்தது. இண்டர்நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள கட்டணம் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கம்பெனிகளும் 2025 ஜனவரியில் அப்படிச் சில திட்டங்களை அறிவித்தன. ஆனால் அவையும் பேசுகிற மனிதருக்கான திட்டங்கள். வருகிற மணியை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஸ்டார்ட்டருக்கு அவற்றில் இடமில்லை. ஒரேயடியாகப் பெரிய தொகையைக் கட்டவும் வேண்டும்.

அலைவரிசை யாருடைய சொத்து? ஆகாயத்தில் ஓடும் அலைகள் பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுச்சொத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்ட சர்க்கார், குத்தகைக்காரர் ஏழையிடம் என்ன வசூலிக்கிறார் என்று பார்க்கக் கடமைப்பட்டது. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவன் மீன் பிடித்துக்கொள்ளலாம்; ஊர் மாடு தண்ணீர் குடிக்கக் காசு கேட்கலாமா?

2ஜியை மூடினால்

வாடகையைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது. கிணற்றடியில் இருக்கும் பழைய செல்போன்களும், ஆரம்ப காலத்தில் வந்த ஸ்டார்ட்டர் கருவிகளும் 2ஜி என்ற பழைய முறையில் ஓடுகின்றன. 2ஜி, 3ஜி சேவைகளை அடியோடு மூடுவதற்குச் சர்க்கார் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று ரிலையன்ஸ் ஜியோ கம்பெனி 2024 ஜனவரியில் டிராயிடம் கோரியது. ஆரம்பம் முதலே 2ஜியும் 3ஜியும் இல்லாமல் நடக்கும் கம்பெனி அது. 2ஜி மூடப்பட்டால் போட்டிக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் இடம் மாற வேண்டி வரும். லாபம் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழைய முறை ஒருநாள் போகும் என்பது உண்மைதான். சிங்கப்பூர் 2017லேயே 2ஜியை மூடியது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஏ.டி.&டி. கம்பெனி தன் 2ஜியை மூடியபோது என்ன நடந்தது தெரியுமா? சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பஸ்கள் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று காட்டும் ஏற்பாடு திடீரென்று படுத்துவிட்டது. பஸ்களில் இருந்த கருவிகள் 2ஜியை நம்பியிருந்தன. அவ்வளவு பணக்கார நகரமே முன்னேற்பாடு இல்லாமல் மாட்டிக்கொண்டது. அங்கே பயணி கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருந்தார். இங்கே நெற்பயிர் காத்திருக்குமா?

மாற்றம் வருவதை நாம் எதிர்க்கவில்லை. அந்த மாற்றத்தின் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. அலைவரிசையைக் காலி செய்து லாபம் பெறுகிறவர் ஒருவர். புதுப்பெட்டி வாங்கக் கடன்படுகிறவர் இன்னொருவர் என்றால் அதை ஏற்க முடியாது.

தண்ணீர் தீர்ந்துவிடாதா?

படித்தவர்களில் சிலர் இன்னொரு ஆட்சேபம் சொல்கிறார்கள். மின்சாரம் இலவசம், ஸ்விட்சும் வீட்டிலேயே என்றால் விவசாயி பொறுப்பில்லாமல் இறைத்துத் தள்ளுவார். நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்கிறார்கள்.

நிலத்தடி நீர் குறைவது மெய்தான். அதைப் பற்றி எல்லோரையும்விட அதிகமாகக் கவலைப்படுகிறவர், கிணற்றுக்குள்ளேயே போர் போட்டும் தண்ணீர் காணாத விவசாயி. ஆனால் விரயத்துக்குக் காரணம் என்ன? கரண்டு எப்போது வரும் என்று தெரியாததால் அவர் ஆட்டோ ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் படுக்கிறார். தண்ணீர் நிறைந்தாலும் நிறுத்த ஆளில்லை. தூரத்திலிருந்து நிறுத்தும் வசதி இருந்தால் மோட்டார் வேண்டிய நேரம் மட்டும் ஓடும். தண்ணீரும் மிஞ்சும், மின்சாரமும் மிஞ்சும், டிரான்ஸ்பார்மரும் பிழைக்கும். ஆகவே இந்தச் சாதனத்துக்கு உதவி செய்வது சர்க்காருக்கே லாபம். ராத்திரியில் மட்டும் கரண்டைத் திறந்துவிட்டு, விவசாயி விரயம் செய்கிறார் என்று பழி போடுவது நியாயமில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதல் கோரிக்கை, பகலில் த்ரீ பேஸ் மின்சாரம். செல்போன் வித்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அது ஒரு குறையை ஒட்டுப்போட்ட வித்தைதான். அந்தக் குறையைத் தீர்க்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பகலில் விவசாயத்துக்கு மின்சாரம் தரும் திட்டத்தை குஜராத் 2020ல் ஆரம்பித்தது. விவசாய மின்பாதைகளைச் சூரிய சக்தியில் ஓட்ட மத்திய சர்க்காரின் குசும் திட்டம் 2019லிருந்து இருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னாற்காட்டுச் சீமையில், சூரியன் இருக்கும்போது மோட்டார் ஓடக் கூடாதா?

இரண்டாவது, பாசன ஸ்டார்ட்டருக்கென்று தனி சிம். வருகிற அழைப்புக்கும் ஒரு சில குறுஞ்செய்திக்கும் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை கட்டக்கூடிய சிறு கட்டணத்தை டிராய் நிர்ணயிக்க வேண்டும். இதைத் தொடங்கி வைக்கப் பொதுத்துறை பி.எஸ்.என்.எல். இருக்கிறது. 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில் நுட்பத்தில் 4ஜி சேவையையும் நாடு முழுவதும் ஆரம்பித்தது. கூட்டுறவு சங்கங்கள் மூலம் விவசாயிகளுக்கு மொத்தமாக இந்த சிம்மைக் கொடுத்தால் மற்றக் கம்பெனிகளும் வழிக்கு வரும்.

மூன்றாவது, 2ஜியை மூடுவதற்கு முன்னால் கணக்கெடுப்பு. எத்தனை கிணறுகளில் இந்தக் கருவிகள் இருக்கின்றன என்று மின்வாரியம் எண்ண வேண்டும். போதிய அவகாசம் கொடுத்து, மூடுவதால் லாபம் பெறுகிறவர்கள் செலவில் புதுக் கருவி கொடுத்த பிறகே மூட வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பான மாதிரிக் கருவியின் வரைபடத்தை வெளியிட்டு, கிராமத்து எலக்ட்ரீஷியன்களுக்கும் ரிப்பேர்க்காரர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் இதற்குத்தான் இருக்கின்றன.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. சர்க்கார் கஜானா இதனால் காலியாகிவிடாது. டெலிபோன் முதலாளிகளின் லாபத்திலும் ஒரு துளிதான் குறையும். ஆனால் கோரிக்கை நியாயமானது என்பதற்காக மட்டும் யாரும் கொண்டுவந்து கொடுத்துவிட மாட்டார்கள். மின்கட்டணம் எப்படி ஒழிந்தது என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டையோடு காத்திருக்கும் போது விவசாயிகள் இதைப் பற்றிப் பேச வேண்டும். குறைதீர்க்கும் கூட்டம் மாதா மாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கிறது. அங்கே ரீசார்ஜ் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை ஸ்டார்ட்டர் செல்போன்கள் இருக்கின்றன, ஆண்டுக்கு எவ்வளவு வாடகை போகிறது என்று விவசாய சங்கங்கள் பட்டியல் எடுக்கட்டும். ஒரு ஊரில் 100 கருவிகள் இருந்தால், அந்த ஊரிலிருந்து மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் மணி அடித்ததற்காகப் போகிறது. அந்தத் தொகையைக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். மற்றக் கிராமங்களும் தங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து சேரும்.